கழுவாத மணற்கல்

கல் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கும் மூத்தவளுக்கு எட்டு மாதமாகத் தீராத வயிற்றெரிச்சல். ஓரகத்தியாயிற்றே என்று இளையவளுக்குச் சிபாரிசு செய்து இங்கே வேலை வாங்கிக் கொடுத்ததே அவள்தான். சொந்தச் செலவில் சூனியம்! இப்போது வீட்டில் மாமியார் வாயிலும் இளையவள், இங்கே மேலாளர் வாயிலும் இளையவள். பன்னிரண்டு வருடம் கல்லோடு மாரடித்தவளை யாரும் கண்டுகொள்வதில்லை. காலியாக இருந்த தலைமைப் பதவியும் இளையவளுக்குத்தான் என்று பேச்சு.

அன்று இளையவள் ஒரு கல்லின் உடைந்த பக்கத்தை லென்ஸில் பார்த்து, 'மணற்கல்' என்று சீட்டு ஒட்டிவிட்டு டீ குடிக்கப் போனாள். மூத்தவள் சும்மா இருப்பாளா? அறுத்த பக்கத்தில் ஒரு சொட்டு அமிலம் விட்டாள். புஸ்ஸென்று நுரைத்தது. நுரைப்பது சுண்ணாம்புக்கல்லின் குணம். அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. கல்லைத் தூக்கிக்கொண்டு மேலாளரிடம் ஓடினாள்.

"தலையில தூக்கி வெச்சு ஆடுறீங்களே சார், அவ லட்சணத்தைப் பாருங்க!"

மேலாளர் இளையவளைக் கூப்பிட்டார். அவள் கல்லைப் பார்த்தாள், மூத்தவள் முகத்தைப் பார்த்தாள். குழாயடியில் கல்லைத் தேய்த்துக் கழுவினாள். வெள்ளையாகச் சேறு ஓடியது. மறுபடி ஒரு சொட்டு விட்டாள். நுரையே இல்லை. கண்ணாடித் துண்டில் கல்லை இழுத்தாள், கீறல் விழுந்தது. அத்தனையும் மணல், கீறாமல் என்ன செய்யும்?

அறுக்கும் இயந்திரம் அதற்கு முன் சுண்ணாம்புக்கல்லை அறுத்திருந்தது. அந்த மாவு இதில் அப்பியிருந்தது. கழுவாமல் அமிலம் விடாதே என்று அங்கே எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்ததே மூத்தவள்தான்.

"கழுவாம யாரு அமிலம் விட்டது?" மேலாளர் கத்தினார்.

"தப்பு என்னோடது சார். கழுவியாச்சுன்னு அக்காகிட்ட நான்தான் சொன்னேன்," என்றாள் இளையவள். பச்சைப் பொய்.

பொறுப்பில்லாதவள் என்று இளையவளை ஒதுக்கிவிட்டு, மறுவாரமே பதவியை மூத்தவளுக்குக் கொடுத்தார் மேலாளர்.

"இனிமே நீங்கதான்க்கா எங்களுக்குத் தலை," என்று இளையவள் கையைப் பிடித்துக்கொண்டாள். முகத்தில் கள்ளம் இல்லை. மூத்தவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேலையில் மிஞ்சினாள், வீட்டில் மிஞ்சினாள், நல்ல மனசிலுமா மிஞ்ச வேண்டும்?

மேலாளரிடம் போய் உண்மையைச் சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தாள். சொன்னால் அவளுக்கல்லவா இன்னும் நல்ல பேர்! வாயை மூடிக்கொண்டாள்.