அரணையின் மேல் விழுந்த பூட்டு

காலையிலேயே திரையில் அறுபத்து நான்கு சிவப்பு வரிகள். நிரல்காரர் நாற்காலியை உருட்டிக்கொண்டு அவள் மேசைக்கு வந்தார். "உங்க அரணை எல்லார் கழுத்தையும் அறுக்குது. அஞ்சு மணிக்குப் பட்டியல் வெளியீடு, ஞாபகம் இருக்கா?"

அவள் முதல் சிவப்பு வரியைத் திறந்து படித்தாள். பதில் சொல்வதற்கு முன் அவள் எடுத்துக்கொள்ளும் நேரம் அந்த அலுவலகத்தில் பிரசித்தம்.

அங்கே அவர்கள் காத்துவந்தது உயிரியல் சொற்களின் பெரும்பட்டியல். மரக்கிளைகள் போல ஒன்றின் கீழ் ஒன்றாகச் சொற்கள். ஆய்வாளர்கள் தாங்கள் கண்டதை அந்தச் சொற்களோடு இணைத்து அனுப்புவார்கள். சில சொற்களுக்குப் பூட்டு உண்டு: இந்தச் சொல் இந்த உயிரினங்களுக்கு மட்டும். மீறினால் சிவப்பு. மேலே போட்ட பூட்டு கீழே உள்ள சொற்கள் அத்தனையின் மேலும் தானாகவே விழும். நஞ்சுக்கொடி என்ற சொல்லுக்குப் பூட்டு: பாலூட்டிகளுக்கு மட்டும்.

வந்திருந்ததோ குட்டி போடும் ஓர் அரணை. முட்டையிடாமல், வயிற்றுக்குள்ளேயே நஞ்சுக்கொடி வழியாகக் குட்டிக்கு ஊட்டுகிற அரணை. ஓர் ஆய்வாளர் ஒன்பது வருடம் அதன் பின்னால் அலைந்து, மெல்லிய திசுச் சீவல்களைப் படமெடுத்து அறுபத்து நான்கு பதிவுகளாக அனுப்பியிருந்தார். அந்தப் படங்கள் முழுவதையும் அவள் இரண்டு முறை பார்த்துவிட்டாள். சந்தேகத்துக்கு இடமில்லை.

மேலதிகாரி பூட்டு சார் வந்தார். பட்டியலில் பாதிப் பூட்டு அவர் போட்டது. பெயரும் அப்படியே ஒட்டிக்கொண்டது. அறுபத்து நான்கையும் நீக்கிவிடச் சொன்னார். ஏதோ ஒரு பல்லிக்காகப் பதினைந்து வருட விதியை அசைக்க முடியாதாம்.

அவள் அந்த விதியைத் திறந்தாள். போட்டவர் என்ற இடத்தில் அவருடைய முதலெழுத்துகள். ஆதாரம் என்ற இடம் வெறுமையாக இருந்தது.

"ஆதாரம் காலியா இருக்கு சார்."

"அப்ப யாரும் கேக்கல."

"இப்ப நான் கேக்கறேன்."

நிரல்காரர் தன் தேநீர்க் கோப்பைக்குள் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டார்.

மேலே உள்ள பூட்டைச் சும்மா கழற்றிவிட முடியாது. கழற்றினால் கீழே உண்மையிலேயே பாலூட்டிகளுக்கு மட்டுமே உரிய பதினான்கு சொற்களும் காவலில்லாமல் கிடக்கும். ஒவ்வொன்றாக எடுத்து, ஆய்வுக்கட்டுரை தேடி, தனித்தனியாகப் பூட்டினாள். மதியச் சாப்பாட்டுக்கு எழவில்லை. வீட்டிலிருந்து அக்கா இரண்டு முறை அழைத்தாள். இந்த மாதக் கடைசியோடு முடியும் வேலையை நீட்டிக்கும் கடிதம் வந்துவிட்டதா என்று கேட்கத்தான். அவள் எடுக்கவில்லை.

நான்கரைக்குப் பூட்டு சார் மறுபடி வந்து நின்றார். குரல் இறங்கியிருந்தது. மேல் சொல்லுக்கு வேறு ஏதாவது ஒரு பூட்டாவது போடு, ஊர்வனவற்றையும் சேர்த்துக்கொள், திறந்தே விட்டால் நாளைக்கு எவனாவது தவளையைக் கொண்டு வருவான் என்றார்.

"கொண்டு வரட்டும் சார். படத்தோட வந்தா பாக்கறேன். எனக்குத் தெரியாத இடத்துல பூட்டு போட மாட்டேன்."

"உன் கடிதம் என் மேசையில இருக்கு. தெரியுமில்ல?"

அவளுக்குத் தெரியும். அந்த அறையில் எல்லாருக்கும் தெரியும்.

மேல் பூட்டைக் கழற்றி, காரணம் என்ற பெட்டியில் எழுதினாள்: 'இந்த அரணைக்கு நஞ்சுக்கொடி உண்டு. விதி தவறு.' கீழே தன் முழுப்பெயரையும் போட்டுச் சேமித்தாள். நிரல்காரர் யாரையும் கேட்காமல் சரிபார்ப்பை ஓட்டினார். ஒரு சிவப்பும் இல்லை.

"உன் கடிதத்துல நான் கையெழுத்து போட மாட்டேன்" என்றார் பூட்டு சார்.

"சரி சார். மாசக் கடைசிக்குப் பதினோரு நாள் இருக்கு."

அவர் நகரவில்லை. அவர் பார்க்கப் பார்க்கவே அவள் தேடல் கட்டத்தில் அவருடைய முதலெழுத்துகளை இட்டு, ஆதாரம் இல்லாதவை மட்டும் என்று கேட்டாள். நாற்பத்து மூன்று பூட்டுகள் வந்தன. முதலாவதைத் திறந்தாள்.