கடைசி அடிக்கு முன்னால் ஒரு நிறுத்தம்

சவுரிராயனின் முப்பதாம் நாள் பூசையில் அழுகிறவர்கள் அழட்டும், தும்முகிறவர்கள் தும்மட்டும். பாட்டு நிற்கிற அந்த ஓர் இடத்தில் மட்டும் ஒருத்தரும் குறுக்கே வந்துவிடக் கூடாது. தாண்டவராயனுக்கு இருந்த ஒரே கவலை அதுதான்.

சவுரிராயன் விழுப்புரம் திண்டிவனம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். டிக்கெட் கொடுத்த நேரம் போக மீதி நேரமெல்லாம் மாதா கோயில் பாட்டுக்கு மெட்டுப் போடுவார். ஒருநாள் விக்கிரவாண்டியில் ஏறிய தாண்டவராயன் சீட்டுக் கம்பியில் தாளம் தட்டிக்கொண்டு வர, "ஞாயித்துக்கெழம சும்மாதான கீற?" என்று மடக்கி, திண்டிவனம் கோயில் பாடற்குழுவில் தபேலாவுக்கு உட்கார வைத்துவிட்டார். இவரோ நிலத்தில் மல்லாட்டைக் கடலை போடுகிற சம்சாரி, நெற்றி நிறைய விபூதி. "சாமிக்குத் தாளந்தான்டா வேணும், உன் நெத்தியா வேணும்?" என்பார் சவுரிராயன். அன்றைக்கு உட்கார்ந்தவர்தான், பிறகு எழுந்திருக்கவே இல்லை.

பாட்டைக் கிளப்புவதும் சவுரிராயனுக்கு பஸ் பழக்கம்தான். தூணோரம் நின்று மெதுவாக "போலாம், ரைட்" என்பார், குழு கிளம்பும். வீட்டிலும் அதே கதை. "சோத்துல கொழம்ப ஊத்துனா போலாம் ரைட்டு, வெளக்க அணைச்சா போலாம் ரைட்டு. குடும்பம் பண்றனா, டிரிப் அடிக்கிறனா?" என்று அவர் மனைவி பிலோமினா தலையில் அடித்துக்கொள்வாள்.

அவர் போட்டதில் செல்லப்பிள்ளை ஒரு நன்றிப் பாட்டு. வில்லங்கம் பிடித்த பாட்டு அது! கடைசி அடிக்கு முன்னால் குரல், தபேலா, கீபோர்டு எல்லாம் சட்டென்று நிற்கும். "அந்த எடத்துலதான்டா சாமி வந்து குந்துது" என்பார். சாமி எங்கே வந்தது? ஃபாதர்தான் வந்தார். சவுரிராயன் மறுபடி ரைட் கொடுப்பதற்குள் பாட்டு முடிந்ததென்று எழுந்து "மன்றாடுவோமாக" என்பார், சனமும் மடமடவென்று எழுந்து நிற்கும். கடைசி அடி தொண்டையோடு சரி. எத்தனை ஃபாதர் மாறினாலும் இதே கூத்து.

விழுப்புரம் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் மனுஷனுக்கு அதே நினைப்பு. "தாண்டவா, என் பாட்டு ஒருவாட்டியாவது ரூட்டு முடிய போய்ச் சேரணும்டா. நீ பாத்துக்க."

"நீயே வந்து பாத்துக்கடா, பேஜாரு புடிச்சவனே" என்று திட்டினார் தாண்டவராயன். மறுநாள் ஆள் இல்லை.

புதிதாக வந்திருந்த ஃபாதரிடம் முதலில் போனார். "பாட்டு நடுவுல நிக்குங்க ஃபாதர். நீங்க எழுந்துக்கக் கூடாதுங்க."

"எவ்வளவு நேரம் நிக்கும்?"

"அது நிக்கிற வரைக்கும் நிக்குங்க."

ஃபாதர் மிரண்டு போய், யாராவது சொல்லும்வரை அசைவதில்லை என்று வாக்குக் கொடுத்தார். கைக்குழந்தைக்காரிகளுக்கெல்லாம் தாண்டவராயன் பிஸ்கட் பொட்டலம் வாங்கிக் கொடுத்தார். ஒத்திகையில் கீபோர்டு வாசிக்கும் அலெக்ஸ்தான், "சும்மா இருக்கறதுக்கு எதுக்கு அங்கிள் பிராக்டிஸ்?" என்றான். அதுவும் சரிதானே என்று அந்த இடத்தைத் தாண்டித் தாண்டியே பாடிப் பார்த்தார்கள்.

பூசையன்று அலெக்ஸ் கீபோர்டில் எடுத்துக் கொடுக்க, பாட்டு அருமையாகப் போனது. அந்த இடம் வந்தது. நின்றது.

ஃபாதர் நாற்காலிக் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். சனம் அசையவில்லை. மின்விசிறிச் சத்தம் மட்டும். பார்த்தியாடா சவுரி, ஒருத்தன் வாயைத் திறக்கலை பார் என்று தாண்டவராயனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

அமைதி நீண்டது. மேலும் நீண்டது. அலெக்ஸ் இவரைப் பார்த்தான். இவர் அலெக்ஸைப் பார்த்தார். பாடுகிற பெண்களோ தூணோரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கே யாரும் இல்லை.

அடப்பாவி! அத்தனை பேரும் சவுரி சொல்லட்டும் என்றல்லவா காத்திருக்கிறார்கள்! இவ்வளவு நேரமும் தானும் அதற்குத்தான் காத்திருந்தது தாண்டவராயனுக்கு அப்போதுதான் உறைத்தது. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். வரவில்லை. தன் வாயால் அதைச் சொல்லிவிட்டால் சவுரி நிஜமாகவே செத்துப் போய்விடுவான் என்று பயமாக இருந்தது. ஃபாதர் நெற்றியில் வியர்வை வழிந்தது.

"போலாம், ரைட்!"

பெண்கள் பக்கம், முதல் வரிசை. பிலோமினா. மெதுவாகவெல்லாம் இல்லை, பின்படியிலிருந்து டிரைவருக்குக் கேட்கிற குரல்.

தாண்டவராயன் கை தானாகத் தபேலாவில் விழுந்தது. குழு கிளம்பியது. அந்தக் கோயிலில் பாதிப் பேர் சவுரிராயன் பஸ்ஸில் போனவர்கள். பாட்டு தெரியாதவர்கள்கூடச் சேர்ந்து இழுத்தார்கள். கடைசி அடி முழுசாக, ரூட்டு முடிய, போய்ச் சேர்ந்தது.

அப்புறமும் ஃபாதர் எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்தபடியே பயந்து பயந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

பிலோமினா முந்தானையில் மூக்கைச் சிந்திக்கொண்டு சொன்னாள்: "முடிஞ்சிபோச்சி ஃபாதர். எழுந்துக்குங்க."

தாண்டவராயன் சிரித்தார். சிரிக்கச் சிரிக்க விபூதியெல்லாம் வழித்துக்கொண்டு முகத்தைத் துடைத்தார். அழுகை நிற்கவில்லை.