பதினேழாம் எண் கிளிப்

ஒரு மார்ச் பதினான்காம் தேதி, ஞாயிறு காலை ஒன்பது நாற்பதுக்கு, நீரேற்று நிலையத்தின் பின்புற மைதானத்திலிருந்து விஞ்ச் கயிற்றில் ஏற்றிவிடப்பட்ட கிளைடர் ஒன்று ஏழு ஆண்டுகள் கீழே இறங்கவில்லை. அதில் மோட்டார் கிடையாது. இறக்கை மூன்று மீட்டர், எடை இரண்டு கிலோவுக்குச் சற்றுக் குறைவு, நிறம் வெள்ளை, வால் மட்டும் சிவப்பு. ஏற்றியவர் ஒரு லிஃப்ட் மெக்கானிக். கயிறு கழன்று, கிளைடர் இடப்பக்கமாக வட்டமடிக்கத் தொடங்கியதும் அவர் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தார், உட்கார்ந்தபடியே இறந்துபோனார். ரிமோட் மடியில் இருந்தது. சான்றிதழில் டாக்டர் எழுதிய நேரம் ஒன்பது நாற்பத்து நான்கு.

கிளைடரைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, கயிறு விறைத்ததும் எறிந்தவள் அவர் மனைவி. இரண்டு தெரு தள்ளியிருந்த ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுப்பது அவள் வேலை. அதனால் ஊரில் ஊசியக்கா. பன்னிரண்டு வருடமாக ஞாயிறுதோறும் அவள்தான் எறிந்தாள், அவர்தான் ஓட்டினார். கயிற்றை இழுக்கும் விஞ்ச்சைச் செய்து கொடுத்தவன் அவர் தம்பி, கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவன். பழைய காரின் ஸ்டார்ட்டர் மோட்டார், கயிறு சுற்ற ஓர் உருளை, ஒரு கார் பேட்டரி, காலால் மிதிக்க ஒரு பெடல், அவ்வளவுதான். கயிறு இருநூறு மீட்டர் தள்ளித் தரையில் அடித்திருந்த கப்பியைச் சுற்றித் திரும்பி வந்து கிளைடரின் வயிற்றுக் கொக்கியில் மாட்டும். பெடலை மிதித்தால் கிளைடர் பட்டம் போல ஏறும், உச்சியில் கயிறு தானே கழன்று விழும்.

அந்த மைதானத்தில் பறக்கவிடுகிறவர்களின் கிளப்பில் ஒரு விதி இருந்தது. அறைச் சுவரில் ஒரு பலகை, அதில் ஒவ்வோர் அலைவரிசைக்கும் எண் எழுதிய ஒரு துணிக் கிளிப். ஒரே எண்ணில் இரண்டு ரிமோட்டைப் போட்டால் மேலே இருப்பது விழுந்துவிடும் என்பதால், கிளிப்பை எடுத்துச் சட்டையில் மாட்டிக்கொண்ட பிறகுதான் ரிமோட்டைப் போட வேண்டும். விமானம் தரையைத் தொட்ட பிறகுதான் கிளிப்பைத் திருப்பி வைக்க வேண்டும். அண்ணன் தம்பி இரண்டு பேரும் ஒரே கடையில் ஜோடியாக வாங்கிய செட், இரண்டும் பதினேழு. ஆகவே முறை வைத்துப் பறக்கவிட்டார்கள். அன்று முதல் முறை அண்ணனுடையது.

கிளைடர் இறங்காததால் கிளிப் பலகைக்குத் திரும்பவில்லை. ஊசியக்கா அதை எடுத்துத் தன் வெள்ளைக் கோட்டில் மாட்டிக்கொண்டாள். விளக்கு எரியும் ரிமோட்டை அணைக்காமல் அப்படியே வீட்டுக்குக் கொண்டுபோனாள். குச்சிகளை அவள் தொடவில்லை. தொட்டால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாது, அவளுக்குத் தெரிந்தது எறிவது மட்டும்தான். துக்கத்துக்கு வந்த பெரியம்மா ஒருத்தி காதோரம் குனிந்தாள்.

“ஏம்மா, நாலு பேர் பாக்கறாங்க, கொஞ்சம் அழுதா என்ன?”

“அப்புறமா அழறேன் பெரியம்மா. இப்ப இதுக்குச் சார்ஜ் போடணும்.”

சமையலறையில் ஒழுங்காக வேலை செய்தது ஒரே ஒரு பிளக். மிக்ஸி அலமாரி உச்சிக்கு ஏறியது, ரிமோட் அந்த இடத்துக்கு வந்தது. மின்சாரம் போனால் ரிமோட் தன் சொந்தச் சார்ஜில் இரண்டு மணி நேரம்தான் தாங்கும் என்பதால், கொழுந்தன் விஞ்ச்சின் பேட்டரியைக் கழற்றிக்கொண்டு வந்து கேஸ் சிலிண்டர் பக்கத்தில் வைத்தான். கிளப் பழையபடி ரப்பர் கயிற்றுக்குத் திரும்பியது. ஒரு முனையை முளையில் கட்டி, பின்னோக்கி நடந்து இழுத்து, மறுமுனையில் மாட்டிய வில்தராசு எட்டுக் கிலோ காட்டியதும் விட வேண்டும். ரப்பர் வெயிலில் வெடிக்காமலிருக்க முகப்பவுடர் பூசி வைத்தார்கள். கல்யாண வீட்டு மணம் வருகிறது என்று ஒருவரையொருவர் கேலி செய்துகொண்டார்கள். ஏழு வருடமும் ரப்பரை இழுத்தவன் கொழுந்தன். மற்றவர்கள் பறக்கவிட்டார்கள். கிளிப் இல்லாமல் அவன் தன் ரிமோட்டைத் தொடவில்லை, கிளிப்பை அவன் கேட்கவுமில்லை.

கிளப் தலைவர் ஓய்வுபெற்ற நில அளவையாளர். வருடா வருடம் ஜனவரி முதல் தேதி கருவியை வைத்து அளந்து எழுதினார்: உயரம் நானூற்று அறுபது மீட்டர், ஒரு சுற்றுக்கு நாற்பத்தொரு வினாடி. மழையிலும் அதே, புயலிலும் அதே. இரண்டாம் வருடத்திலிருந்து தெருக்காரர்கள் முட்டை வேகவைக்க அதன் நிழலை எண்ணினார்கள். பதினான்கு சுற்றுக்கு முட்டை கெட்டியாகும். நிழல் பரிசோதனை நிலையத்தின் சன்னலைக் கடக்கும் நேரம் பார்த்து ஊசியக்கா ஊசியைக் குத்தினாள். நோயாளிகள் நிமிர்ந்து பார்ப்பார்கள், வலி தெரியாது. அவளுக்கும் பெரிதாக எதுவும் தெரியவில்லை. சாப்பிட்டாள், தூங்கினாள், வேலைக்குப் போனாள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் வீட்டைவிட்டு விலகவில்லை. நான் பார்த்துக்கொள்கிறேன் என்று கொழுந்தன் சொன்னபோதும் சாவியைக் கொடுக்கவில்லை. ஒன்பது மணி நேர ரயில் தூரத்திலிருந்த மகளுக்கு நாலாம் வருடம் குழந்தை பிறந்தது. ஊசியக்கா போகவில்லை.

“அந்தப் பொம்மைக்குத்தான் நீ அம்மா. எனக்கில்ல,” என்றாள் மகள் போனில்.

“கரண்ட் போயிடுச்சுன்னா யாரு மாத்துவா?” என்றாள் ஊசியக்கா. மகள் போனை வைத்துவிட்டாள்.

ஏழாம் வருடம் பிப்ரவரியில் கொழுந்தனின் மனைவி ரத்தம் கொடுக்கிற சாக்கில் பரிசோதனை நிலையத்துக்கு வந்தாள்.

“அக்கா, நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க. அவர் கண்ணு போயிட்டிருக்கு. பத்து மாசம்னு டாக்டர் சொல்லிட்டார்.”

“எந்தக் கண்ணு?”

“ரெண்டும்தான். ஒரே ஒரு தடவை அதைப் பறக்கவிடணும்னு தூக்கத்துல உளர்றார். முழிச்சிருக்கும்போது கேட்டா, ஒண்ணுமில்லேங்கறார்.”

ஊசியக்கா பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். மூன்று வாரம் எதுவும் நடக்கவில்லை. நான்காம் ஞாயிறு காலை, எரியும் ரிமோட்டைக் கழுத்தில் தொங்கவிட்டு, பேட்டரியைச் சைக்கிள் கேரியரில் கட்டி, தள்ளிக்கொண்டு மைதானத்துக்கு வந்தாள்.

“என்னம்மா, பேட்டரியையும் தூக்கிட்டு வந்துட்டீங்க?” என்றார் நில அளவையாளர்.

“வீட்ல இடத்தை அடைக்குது.”

அவள் கோட்டிலிருந்த கிளிப்பைக் கழற்றிக் கொழுந்தனிடம் நீட்டினாள். அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

“வேண்டாம் அண்ணி. இன்னும் மேலதானே இருக்கு. அணைச்சா அண்ணன் விழுந்துடுவாரு.”

“உங்கண்ணன் எப்பவோ விழுந்தாச்சு. இது தெர்மாகோல். உனக்கு எத்தனை மாசம் சொன்னாங்க?”

அவன் திரும்பி, பின்னால் நின்றிருந்த மனைவியை முறைத்தான்.

“அவ எதுவும் சொல்லல. போன வாரம் பஸ் கண்டக்டரைப் பாத்து அண்ணின்னு கூப்பிட்டியே, அப்பவே தெரியும்,” என்றாள் ஊசியக்கா. பிறகு ரிமோட்டை அணைத்தாள். ஏழு வருடம் எரிந்த சிவப்பு விளக்கு அணைந்தது. எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். கிளைடர் அந்தச் சுற்றை முடித்தது. நாற்பத்தொரு வினாடி. அடுத்த சுற்றைத் தொடங்கியது.

கொழுந்தன் பேட்டரியை விஞ்ச்சில் பொருத்தி, கிளிப்பை மாட்டிக்கொண்டு தன் ரிமோட்டைப் போட்டான். ஊசியக்கா அவன் கிளைடரைத் தலைக்கு மேல் தூக்கினாள். அவன் பெடலை மிதித்தான், கயிறு விறைத்தது, எறிந்தாள். நூற்று நாற்பத்தெட்டு மீட்டரில் கயிறு கழன்றது. அவன் குச்சியை வலப்பக்கம் தள்ளினான். அவனுடைய கிளைடர் வலப்பக்கம் திரும்பியது. ஏழு வருடம் இடப்பக்கம் மட்டுமே சுற்றிய மேலேயுள்ள கிளைடரும் வலப்பக்கம் திரும்பியது. இரண்டும் ஒரே எண் என்பதால் இதில் வியக்க ஒன்றுமில்லை என்று நில அளவையாளர் பிறகு விளக்கினார். இருபத்திரண்டு நிமிடம் அவன் இரண்டையும் ஓட்டினான். பிறகு இறக்கினான். அவனுடையது புல்லில் பதினோரு மீட்டர் வழுக்கி, நின்று, இடது இறக்கையைத் தரையில் சாய்த்தது. மேலேயிருந்ததும் மூக்கை லேசாக நிமிர்த்தி, வெறும் காற்றில் பதினோரு மீட்டர் வழுக்கி, நின்று, இடது இறக்கையைச் சாய்த்தது. அளந்தபோது உயரம் முந்நூற்றுப் பன்னிரண்டு மீட்டர்.

“அண்ணி, ரெண்டும் இறங்கிடுச்சு,” என்றான்.

இறங்கியதாக நில அளவையாளர் பதிவேட்டில் எழுதினார். விதிப்படி கிளிப்பைப் பலகையில் மாட்டினார்கள். ஊசியக்காவுக்கு வலது தோள் வலித்தது. பழக்கம் விட்டுப்போன கை.

நின்றது நின்றதுதான், பிறகு அது அசையவில்லை. முட்டை வேகவைக்கிறவர்கள் கடிகாரம் வாங்கினார்கள். கொழுந்தன் ஞாயிறுதோறும் பதினேழில் பறக்கவிட்டான். டாக்டர் சொன்னதைவிட ஒரு மாதம் கூடவே கிடைத்தது. கிளைடர் நின்ற அந்த வாரமே செவ்வாய்க்கிழமை ஊசியக்கா ரயில் ஏறினாள். பேத்திக்கு மூன்று வயது இரண்டு மாதம். நீ யாரு என்று கேட்டது, சொன்னாள். ஐந்தாம் நாள் திரும்பி வந்து, அலமாரி உச்சியிலிருந்து மிக்ஸியை இறக்கித் தூசி துடைத்துப் பிளக்கில் செருகினாள். ஓடியது.