அறுபத்து மூன்று இதயங்களும் நாற்பது கிலோ வெங்காயமும்

1

இந்தக் கதை என் ஜன்னலில் பிறந்தது. எதிர்வீட்டு சல்பியாவின் முற்றத்தில் நாற்பது கிலோ வெங்காயம் கிடக்கிறது, உரிக்க ஆளில்லை. இலக்கியத்துக்கு இது போதும் என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

முதல் தொடக்கம்: மனித உறவுகளைக் கைப்பேசி மெல்ல மெல்ல...

(அடித்துவிட்டேன். இதையே கைப்பேசியில்தான் தட்டிக்கொண்டிருக்கிறேன்.)

2

மலேசியாவில் மூவார் பக்கத்துக் கிராமமான எங்கள் கம்பத்தில், கல்யாணத்துக்கு முதல் நாள் ஊரே கூடி உரித்து, நறுக்கி, கிளறிக் கொடுக்கும். ரேவாங் என்பார்கள். அதற்கு வீடு வீடாகப் படியேறி, காப்பி குடித்து, வாயால் அழைக்க வேண்டும்.*

சல்பியாவுக்குச் சர்க்கரை நோய். அறுபத்து மூன்று வீட்டுக் காப்பியை உடம்பு தாங்குமா? கம்பத்து வாட்ஸ்அப் குழுவுக்கு அட்மின் வேறு. 'நத்ரா கல்யாணம். சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு ரேவாங். எல்லாரும் வாங்க' என்று ஒரே தட்டு. அறுபத்து மூன்று இதயங்கள் வந்து விழுந்தன. மகள் நத்ராவிடம் காட்டிப் பூரித்துப்போனாள்.

* சர்க்கரையைக் குறைத்துப் போடும் வீட்டுக்கு மரியாதை தெரியாது என்று பொருள்.

3

இன்று சனிக்கிழமை, மணி ஒன்பது. நாளை அறுநூறு பேர் சாப்பிட வருகிறார்கள். அடுப்பே பற்றவைக்கவில்லை. சல்பியா வேலியோரம் போய்ப் பக்கத்து வீட்டு ரொக்காயாவைப் பிடித்தாள்.

"ஏன்க்கா, வரலியா?"

"நீ கூப்பிடலியேடி?"

"குரூப்ல போட்டேனே!"

"குரூப்ல கூப்பிட்ட, குரூப்ல வந்துட்டேன். இதயம் போட்டேன்ல?"

"இதயத்த வெச்சா ரெண்டாங் கறி கிண்டுறது?"

"என் வீட்டுப் படி உனக்கு அவ்ளோ உசரமாயிருச்சு. கூப்பிடாத வீட்டுக்குக் கத்தியத் தூக்கிட்டு வரணும்னு எனக்கென்ன தலையெழுத்தா?"

சல்பியா தலைத்துணியால் கண்ணைத் துடைத்தாள். வெங்காயத்தை இன்னும் தொடக்கூட இல்லை. எனக்குப் பாவமாக இருந்தது. எழுதுவதை நிறுத்தும் அளவுக்கு இல்லை.

(ரொக்காயாவை வில்லியாக்கப் பார்த்தேன், முடியவில்லை. சல்பியா வருவாள் என்று ஐந்து நாளாகப் பலகாரம் செய்து வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தவள் அவள்.)

4

முடிவு அ: ஊரே மனம் திருந்தி ஓடிவருகிறது. (இனிப்பு அதிகம்.)

முடிவு ஆ: பட்டணத்துச் சமையல் கம்பெனியின் வேன் வருகிறது. ஊர் அதைப் படம் பிடித்துக் குழுவில் போடுகிறது. அதற்கும் இதயம் விழுகிறது.

முடிவு இ: சல்பியா செருப்பைக் கழற்றிவிட்டு ரொக்காயா வீட்டுப் படியேறுகிறாள்...

இதை நான் புனையவில்லை. இப்போதுதான் ஏறினாள். காப்பி குடித்த கையோடு இறங்கினாள். பின்னாலேயே ரொக்காயா கத்தியோடு வந்தாள். அடுத்த வீடு. அதற்கடுத்த வீடு.

ஒன்றை மறைத்துவிட்டேன். அந்த இதயங்களில் ஒன்று என்னுடையது.

சல்பியா என் வாசலுக்கும் வந்துவிட்டாள். "வாத்தியாரே! காலைலேருந்து ஜன்னல்லயே உக்காந்திருக்கீங்களே, கண்ணு வலிக்கல? நத்ரா கல்யாணம், வெங்காயம் உரிக்க வாங்க. உங்க வீட்டுக் காப்பிய மட்டும் பாதி கோப்பையா குடுங்க, மூணு உள்ள போயிருச்சு."

காப்பியைக் கலந்து கொடுத்துவிட்டு, கத்தியை எடுத்துக்கொண்டு நான்

(முடிவை நீங்கள் வந்து எழுதுங்கள். இன்னும் ஐம்பத்தொன்பது வீடுகள் பாக்கி. ஆனால் நானும் எழுத்தில்தான் அழைத்திருக்கிறேன். இதயம் போடுவீர்கள், தெரியும்.)