பச்சை வட்டம்

எனக்குப் பேய்ப் படம் பிடிக்காது. பேய்க்குப் பயந்து அல்ல. அலறிக்கொண்டு ஓடுகிற ஆட்களைப் பார்த்தால் எரிச்சல் வரும், அவ்வளவுதான். அப்படிப்பட்ட நான் ஒரே ஒரு பேய்ப் படத்தைப் பதினைந்து வருஷமாகப் பீரோவில் பத்திரமாக வைத்திருக்கிறேன். படத்தின் பெயர் ‘வேலிக்கு அந்தாண்ட’. அதைப் புதிதாகச் சுத்தம் செய்து, ப்ளூ-ரேயும் டிவிடியும் சேர்த்து ஒரு பெட்டியாக மறுபடி விற்கப் போகிறார்கள் என்று போன மாதம் என் மகள் ஷாரோன் வந்து சொன்னாள்.

“இன்னாம்மா, வாங்கலாமா? நம்ம கிட்ட கீற டிஸ்க்கு இனிமே ஓடாது.”

ஒரகடத்தில் வயலையெல்லாம் எடுத்து, ரோடும் விளக்குக் கம்பமும் போட்டுவிட்டு, கம்பெனிகள் ஒன்றிரண்டு மட்டுமே வந்து மற்ற இடமெல்லாம் காலியாகக் கிடந்த காலத்தில் எடுத்த படம் அது. செட் போட வக்கில்லாத டைரக்டருக்கு நல்ல வசதி. பட்டப்பகலில், ஆளே இல்லாத அகலமான ரோட்டில், சாதாரண நைட்டியில் ஒரு பேய் நிற்கும். படம் மூன்று நாள் ஓடியது. பல வருஷம் கழித்துக் காலேஜ் பிள்ளைகள் எங்கிருந்தோ தோண்டி எடுத்து, இதுபோல் ஒரு படம் உண்டா என்று கொண்டாட ஆரம்பித்தார்கள்.

அந்தக் கொண்டாட்டத்துக்குப் பாதிக் காரணம் என் வீட்டுக்காரர் தாவீது. பேய் நிற்கிற காட்சியில், அதற்குப் பின்னால், நீலச் சட்டை யூனிஃபார்மில் சாப்பாட்டுப் பையோடு ஒரு ஆள் ரோட்டைக் கடந்து போவான். நடிகர் அல்ல. ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் முடித்து, ஷூட்டிங் நடப்பதே தெரியாமல், பஸ் பிடிக்கக் குறுக்கே போனவர். நடுவில் ஒரு தரம் திரும்பி, இன்னா நடக்குது இங்க என்பதுபோல் கேமராவைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போவார். மொத்தம் பதினோரு வினாடி. மறுபடி எடுக்க ஃபிலிம் இல்லாததால் அப்படியே விட்டுவிட்டார்கள். ரசிகர்கள் அவருக்கு ‘யூனிஃபார்ம் பேய்’ என்று பெயர் வைத்தார்கள். படத்தை நெட்டில் யார் போட்டாலும் தயாரிப்பாளர் உடனே எடுக்க வைத்துவிடுவார். அதனால் ஒரு பையன் அசையாத ஸ்டில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, பின்னால் போகிறவன்தான் உண்மையான பேய் என்று அரை மணி நேரம் விளக்கியிருக்கிறான். வேலைவெட்டி இல்லாதவன்.

படம் வந்த அடுத்த வருஷம் தாவீது போய்விட்டார். பிரஸ் ஷாப்பில், மாட்டிக்கொண்ட தகட்டை எடுக்க உள்ளே குனிந்தபோது மிஷின் இறங்கிவிட்டது. ஆள் உள்ளே இருந்தால் மிஷினைத் தடுக்கிற சென்சாரை அவரே அணைத்து வைத்தார், தவறு ஆபரேட்டருடையது என்று ரிப்போர்ட் எழுதினார்கள். அந்த லைனில் எல்லோரும் அணைத்துத்தான் ஓட்டினார்கள். இல்லாவிட்டால் டார்கெட் வராது. அதைச் சொல்ல வேண்டிய சூப்பர்வைசர் வாயைத் திறக்கவில்லை. அந்த ஆள் இன்றைக்கும் என்னைப் பார்த்தால் வண்டியை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு போவார். போகட்டும்.

ஷாரோனுக்கு அப்போது ஒன்றரை வயது. எங்களுடையது இரண்டு வீட்டுக்கும் பிடிக்காத கல்யாணம். ரிஜிஸ்டர் ஆபீசில் கையெழுத்து, பாஸ்டர் வீட்டில் ஜெபம், அதோடு சரி. போட்டோ மூன்று உண்டு, மூன்றிலும் அவர் விறைத்துக்கொண்டு நிற்பார். வீடியோ கிடையாது. அன்று எங்களிடம் இருந்த போனில் கேமராவும் கிடையாது. தன் அப்பா நடப்பதை, திரும்புவதை, சிரிப்பதை என் மகள் பார்த்தது அந்தப் பதினோரு வினாடியில் மட்டும்தான். சின்னப் பிள்ளையில் ‘அப்பா படம் போடு’ என்று அடம் பிடிப்பாள். நைட்டிப் பேயையெல்லாம் தாண்டி நேராக அந்த இடத்துக்குக் கொண்டுபோவேன். ஐந்தாறு தரம் பார்த்துவிட்டுத்தான் சாப்பிடுவாள்.

டிஸ்க் கெட்டு நாலு வருஷம் ஆகிறது. ஓரத்தில் பழுப்பு ஏறிவிட்டது. சரியாக அந்த இடம் வந்ததும் படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடும். பென்னலூரில் எங்கள் தெருவில் இருக்கிற அத்தனை ப்ளேயரிலும் போட்டுப் பார்த்தாகிவிட்டது. போன கிறிஸ்துமஸுக்கு ஷாரோன் என்னிடம், “அப்பா சிரிச்சா எந்தப் பக்கம்மா கன்னம் குழியும்?” என்று கேட்டாள். பிள்ளைக்கு மறந்துகொண்டு வருகிறது.

அதனால் வாங்கலாமா என்று அவள் கேட்டதற்கு யோசிக்கவே இல்லை. “இதைக் கேக்கணுமா? வாங்கு” என்றேன். எனக்கு இன்னொரு தைரியமும் இருந்தது. அந்தக் காட்சியை நானே பார்த்துக் குறித்து அனுப்பியிருந்தேன்.

போன வருஷம் இந்தப் புதுப் பதிப்புக்காரர்கள், படத்தின் ஸ்டில்களை வரிசையாகப் போட்டு, கோடு, புள்ளி, கறை, தவறு எதுவானாலும் குறித்து அனுப்புங்கள் என்று ரசிகர்களைக் கேட்டிருந்தார்கள். குறை கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு. கார் ஹெட்லைட் செய்கிற கம்பெனியில் பத்தொன்பது வருஷமாக இன்ஸ்பெக்ஷன். தலைமுடி கனத்துக்கு ஒரு கீறல் இருந்தாலும் என் கையைத் தாண்டாது. எங்கள் டேபிளில் இரண்டு மெழுகுப் பென்சில் இருக்கும். சிவப்பால் வட்டம் போட்டால், இங்கே குறை, சரிசெய் என்று அர்த்தம். பச்சையால் வட்டம் போட்டால், இந்த இடம் நன்றாக இருக்கிறது, கை வைக்காதே என்று அர்த்தம். பாலிஷ் போடுகிறவர்கள் ஆர்வக்கோளாறில் நல்ல இடத்தையும் தேய்த்துத் தொலைப்பார்கள், அதற்காக இந்த ஏற்பாடு.

வார லீவு நாள் ஒன்றில் ஷாரோனின் போனை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். நாற்பத்திரண்டு இடத்தில் சிவப்பு வட்டம் போட்டேன். தாவீது வருகிற ஸ்டில்லில், அவர் தலைமுதல் செருப்புவரை, விரலால் அழகாக ஒரு பச்சை வட்டம். அனுப்பிவிட்டு அன்றைக்கு வயிறாரச் சாப்பிட்டேன். உலகம் முழுக்க எங்கள் ஷாப் ஃப்ளோர் என்று நினைத்துக்கொண்ட முட்டாள் நான்.

போன வியாழக்கிழமை ஷிஃப்ட் முடிந்து, கேட்டில் லாக்கரிலிருந்து போனை எடுத்துக்கொண்டு கம்பெனி பஸ்ஸில் ஏறினேன். ஷாரோன் ஒரு விளம்பரம் அனுப்பியிருந்தாள். இரண்டு ஸ்டில் பக்கத்தில் பக்கத்தில். இடது பக்கம் பழையது: நைட்டிப் பேய், பின்னால் தாவீது. வலது பக்கம் புதியது: நைட்டிப் பேய், பின்னால் ரோடு. கீழே ‘பதினாறு வருஷத் தவறு சரிசெய்யப்பட்டது’ என்று எழுதி, கை தட்டுகிற படம் போட்டிருந்தார்கள். அதற்கும் கீழே ஷாரோன் கேட்டிருந்தாள்: ‘அம்மா, அப்பா எங்க?’

பஸ் வல்லம் வடகாலைத் தாண்டிக்கொண்டிருந்தது. அந்த மனிதரைத் தவறு என்று எழுதியவர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். இப்போது இவர்களும் எழுதிவிட்டார்கள். ஆத்திரத்தில் விளம்பரத்தில் இருந்த நம்பருக்குப் போன் போட்டேன்.

எடுத்தவர் பெயர் சக்திகுமார். படத்தைச் சுத்தம் செய்தவரே அவர்தான். தெற்கத்திப் பேச்சு. என் பெயரைச் சொன்னதும் குரலில் அவ்வளவு சந்தோஷம்.

“பிரவீனா அக்காவா? ஒங்கள மாதிரி யாருமே பாத்து அனுப்பலக்கா. நன்றின்னு ஒங்க பேரையும் படத்துல போட்டிருக்கோம்லா.”

“பின்னால போற ஆளை ஏன் தம்பி எடுத்தீங்க?”

“நீங்கதானக்கா வட்டம் போட்டு அனுப்புனிய?”

“அது பச்சை தம்பி.”

“பச்சைன்னா என்னக்கா?” என்றார்.

சொன்னேன். அந்த ஆள் யார், என் மகளுக்கு அந்தப் பதினோரு வினாடி என்ன என்பதையும் சொன்னேன். பஸ்ஸில் பக்கத்தில் இருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள், பார்க்கட்டும் என்று விட்டேன். “அவர எடுக்கவா விடவான்னு எங்களுக்குள்ளயே பெரிய சண்டக்கா. ஒங்க வட்டத்தப் பாத்துத்தான் எடுத்துருவோம்னு முடிவு பண்ணுனோம்” என்றார் சக்திகுமார். இந்த ஒரு வார்த்தையை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

திரும்ப வைக்க முடியாதா என்று கேட்டேன். பழைய டிவிடிகள் எல்லாமே எங்களுடையதைப்போல் கெட்டுவிட்டனவாம்; ஊர் முழுக்கத் தேடி ஒரே ஒரு ஃபிலிம் பிரிண்டுதான் கிடைத்ததாம். அதுவும் பழசானதில் புளித்த வாடை அடித்து ஒட்டிக்கொண்டிருந்ததால், ஒருதரம் ஓட்டிப் பதிவு செய்ததோடு தூளாகிவிட்டது. அந்தப் பதிவு இருந்த ஹார்டு டிஸ்க் வாடகைக்கு எடுத்தது. வேலை முடிந்ததும் அழித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். சுத்தம் செய்ததுதான் இனி உலகத்தில் இருக்கிற ஒரே படம்.

“சனிக்கெழம டிஸ்க் அடிக்கப் போகுதுக்கா. அந்தக் காட்சிய மட்டும் ஒங்களுக்கு அனுப்புதேன், பாருங்க. என்னால ஏதும் செய்ய முடியும்னா செஞ்சு தாரேன். மன்னிச்சிருங்கக்கா.”

அவரைத் திட்டத்தான் போன் போட்டேன். திட்ட வேண்டிய ஆள் அவர் இல்லை என்றாகிவிட்டது.

வீட்டுக்குப் போய், ஷாரோன் டியூஷனிலிருந்து வருவதற்குள், கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தேன். என்ன சுத்தம். பேயின் நைட்டியில் பூவெல்லாம் தெரிந்தது. பின்னால் ரோடு வெறிச்சென்று கிடந்தது. என் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. ஒரு பீஸ் சரியாக இருக்கிறது என்று தோன்றினால் உடனே சாய்த்து, ஓரத்தைப் பார்க்க வேண்டும். அந்தப் பழக்கத்தில் ஓரத்தைப் பார்த்தேன்.

ரோட்டு ஓரத்தில் கால்வாய்ப் பாலத்தின் கைப்பிடிச் சுவர், புதிதாக வெள்ளையடித்தது. அதில் ஒரு நிழல் ஏறியது. ஆளை அழித்தவர்கள் ரோட்டில் விழுந்த நிழலையும் அழித்துவிட்டார்கள், சுவரில் மடிந்து ஏறியதைக் கவனிக்கவில்லை. இரண்டு வினாடி இருக்கும். தோள், பை, பிறகு ஒரு கை உயர்ந்து முகத்தைத் துடைத்துக்கொள்கிறது. வேர்த்தால் சட்டைக் கையால்தான் துடைப்பார், எத்தனை கைக்குட்டை வாங்கிக் கொடுத்தாலும். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவரேதான். எத்தனை தரம் பார்த்தேன் என்று கணக்கில்லை.

ஷாரோன் வந்ததும் முதலில் உண்மையைச் சொன்னேன். “வட்டம் போட்டது நான்தான். அப்பாவை எடுக்க வச்சது நான்தான்.” அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றாள். பிறகு போனை அவள் கையில் கொடுத்து, அந்தச் சுவரைக் காட்டினேன். பிள்ளைக்குப் பொங்கும் என்று நினைத்தேன். நாலு தரம் பார்த்தாள். கண்ணைச் சுருக்கி, போனைக் கிட்டே வைத்துப் பார்த்தாள்.

“இது யாரோட நெழலா வேணா இருக்கலாம்மா.”

“உங்கப்பாடி. கையைப் பாரு.”

“உனக்கு இது போதும். நீ அவரப் பாத்துகீற, நெழலப் பாத்தா உனக்கு சிரிக்கிற மூஞ்சி வருது. எனக்கு வர்ல.” கோபத்தில் சொல்லவில்லை. வராததை வரவில்லை என்று சொன்னாள். கோபப்பட்டிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன்.

மறுநாள் காலை நாங்கள் இருவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சக்திகுமார் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டேன்.

“பாத்தியளாக்கா? வேற குறை ஏதும் உண்டா? சொல்லுங்க, இன்னைக்குள்ள சரிபண்ணிருவேன்.”

ஷாரோன் என் முகத்தைப் பார்த்தாள். சொன்னால் ஐந்து நிமிஷத்தில் அந்தச் சுவரையும் துடைத்து வைத்துவிடுவார், நல்ல மனசோடுதான் துடைப்பார்.

“இல்ல தம்பி. எல்லாம் பாஸ்.”

பத்தொன்பது வருஷத்தில் கண்ணால் பார்த்த ஒரு குறையை நான் விட்டது அன்றுதான்.

“பெட்டி மேல வாங்குறவங்க பேரு அச்சடிச்சுக் குடுக்கோம்க்கா. ஒங்களுக்கு ஒண்ணு எடுத்து வைக்கட்டுமா? பாப்பா பேர்ல போட்டுருவோமா?”

ஷாரோன் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.

“என் பேரைப் போடுங்க தம்பி” என்றேன். “அது எனக்கு மட்டும்தான்.”