ஏழு குழுக்களுக்கு ஒரு பித்தப்பைக் கல்

தேவமணிக்கு ஞாயிற்றுக்கிழமை காலண்டரில் மட்டும்தான் சிவப்பு. ஓசூர் சிப்காட்டில் அவன் தர ஆய்வாளனாக இருந்த கியர் கம்பெனி புது ஆர்டர் பிடித்ததிலிருந்து அவனுக்கு வார விடுமுறை செவ்வாய் என்று ஆகிவிட்டது. செவ்வாய்க்கிழமை எந்தச் சபையிலும் மணி அடிப்பதில்லை. எட்டு மாதமாக அவன் மனைவி அனிட்டா தனியாகவே ஆராதனைக்குப் போய் வந்தாள். பிரசங்கத்தில் என்ன சொன்னார்கள் என்று கேட்டால், "ஃபேன் ஓடல. மத்ததெல்லாம் போன வாரம் சொன்னதுதான்" என்பாள்.

அதைவிடப் பெரிய தொல்லை ஒன்று அவனுக்குள் இருந்தது. அதை அனிட்டாவிடம்கூட அவன் சொல்லவில்லை. ஜெபம் வரவில்லை. முழங்காலில் நின்று கண்ணை மூடினால் முதல் வரி வரும், அதற்கப்புறம் நாக்கு கட்டிக்கொள்ளும். இது ஏன் என்று யாரிடமாவது கேட்டாக வேண்டும். போதகரிடம் கேட்கலாம். அவர், "ஞாயித்துக்கிழம வாங்க, பேசலாம்" என்பார்.

அதனால் போனில் தேடினான். கிறிஸ்தவ வாட்ஸ்அப் குழுக்களுக்கா பஞ்சம்? ஒரே வாரத்தில் ஏழு குழுக்களில் சேர்ந்துவிட்டான். ஆனால் எந்தக் குழுவில் வாயைத் திறப்பது? மனதில் இருப்பதைத் தெரியாதவர்கள் முன்னால் கொட்டிவிட்டு, அவர்கள் அதை மிதித்துக்கொண்டு போனால்?

இங்கேதான் அவனுடைய தொழில் புத்தி குறுக்கே வந்தது. ஆய்வு மேசையில் இருப்பவர்கள் விழிப்பாக இருக்கிறார்களா என்று பார்க்க, கம்பெனியில் வேண்டுமென்றே ஒரு பழுதான கியரை நல்ல கியர்களோடு கலந்து அனுப்புவார்கள். அதைப் பிடித்துவிட்டால் ஆய்வு சரி என்று அர்த்தம். தேவமணி அதே வழியில் ஒரு பழுதான துக்கத்தைத் தயாரித்தான்.

"என் மனைவிக்குப் பித்தப்பையில் கல். ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறேன். மனம் சோர்ந்திருக்கிறது."

ஏழு குழுவுக்கும் அனுப்பினான். அடுத்த அறையில் அனிட்டா, பித்தப்பையில் ஒரு குறையும் இல்லாமல், ஜாக்கெட் தைத்தபடியே மாடி வீட்டு நாராயணம்மாவோடு தெலுங்கில் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

முதல் குழுவில் ஒரே நிமிடத்தில் நாற்பத்து மூன்று 'ஆமென்' வந்தது. எதற்கு ஆமென், கல்லுக்கா? இரண்டாவது குழுவில் ஆப்பரேஷன் செய்துகொள்வது அவிசுவாசமா என்று விவாதம் தொடங்கி, ஞானஸ்நானத்துக்குத் தண்ணீர் தெளித்தால் போதுமா முங்க வேண்டுமா என்று போய், மாலைக்குள் நான்கு பேர் நரகத்துக்கு அனுப்பப்பட்டிருந்தார்கள். மூன்றாவதில் ஒருவர், சூளகிரியில் சபைக்கு அருகிலேயே மனை இருப்பதாகவும், 'விசுவாசிகளுக்கு மட்டும்' விலைக்குறைப்பு உண்டென்றும் தெரிவித்தார். நான்காவதில் இருந்த திருமணத் தகவல் மைய அக்கா தனியாகவே எழுதினார்: "கர்த்தருடைய சித்தம் எதுவானாலும் சரி பிரதர். பிற்பாடு தேவைப்பட்டால் சொல்லுங்கள்." ஐந்தும் ஆறும் ரோஜாப்பூ அனுப்பின.

ஏழாவது குழுவின் பெயர் 'கேட்டுப் பாரு'. பத்தொன்பதே பேர். கத்தோலிக்கர், பெந்தெகொஸ்தேக்காரர், எல்லோரும் கலந்து கிடந்தார்கள். வியாழக்கிழமைதோறும் ஒரு வசனத்தை எடுத்து வைத்து, புரியவில்லை என்று ஒப்புக்கொள்வதுதான் அங்கே வேலை. அந்தக் குழுவில் ஆமென் வரவில்லை. "எந்த ஆஸ்பத்திரி? ரத்தம் வேணுமா?" என்று கிங்ஸ்டன் என்பவர் கேட்டார். "வீட்ல சமைக்கிறது யாரு?" என்று தேன்கனிக்கோட்டையிலிருந்து வினிதா கேட்டாள். அஞ்செட்டியிலிருந்து மைக்கேல்ராஜ் என்பவர் தனியாக எழுதினார்: "ஊரு, தெரு பேரெல்லாம் சொல்லித்தான் நாங்க ஜெபிக்கறது. எந்தத் தெருங்க?"

தேவமணி தெருவையும் கதவு எண்ணையும் கொடுத்தான். மூன்று நாள் கழித்து, "டிஸ்சார்ஜ் ஆகிவிட்டது, வீட்டில் ஓய்வு" என்று எழுதி அனுப்பி, பித்தப்பைக் கதையை முடித்துக்கொண்டான். ஏழாவது குழு தேறிவிட்டது. இனி உண்மையான கேள்வியைக் கேட்கலாம் என்று நினைத்தவன், கேட்காமலே நாலு நாளை ஓட்டினான்.

செவ்வாய்க்கிழமை பத்து மணி. தேவமணி லுங்கியோடு படுத்திருந்தான். படிக்கட்டில் ஓர் ஆண் குரல் கேட்டது.

"அதக் குடும்மா. இருவது லிட்டர் கேன, பொம்பள புள்ள இப்படியா தூக்கறது?"

"பரவால்லீங்க. நீங்க யாரப் பாக்கணும்?"

"தேவமணி அய்யா வூடு. அவரு சம்சாரம் இப்ப எப்படி இருக்குதாம்?"

"எனக்கென்னங்க? நல்லா கல்லாட்டம் இருக்கேன்."

தேவமணி எழுந்து உட்கார்ந்தான். சட்டையைத் தலைகீழாக மாட்டிக்கொண்டு, மறுபடி கழற்றினான். அதற்குள் வாசலில் ஐம்பது வயதுக்காரர் ஒருவர், தோளில் தண்ணீர் கேனும் கையில் தூக்குவாளியுமாக நின்றிருந்தார். மைக்கேல்ராஜ். காலையில் இரண்டு மாட்டைக் கறந்து ஊற்றிவிட்டு, அஞ்செட்டியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார்.

"கொள்ளுத் தண்ணிங்க. கல்லக் கரைச்சிரும்."

"அது கிட்னி கல்லுக்குங்க..." என்றான் தேவமணி, வேறு எதுவும் தோன்றாமல்.

"எந்தக் கல்லா இருந்தா என்னங்க?" என்றவர் அனிட்டாவைத் திரும்பிப் பார்த்தார். மேலும் கீழும் பார்த்தார். அவர் கண் கலங்கிவிட்டது. "ஒரு வாரத்துல தண்ணிக் கேன் தூக்கறாங்களே! ஆண்டவரே! இருங்க, இத இப்பவே குரூப்ல சாட்சியா சொல்லிரணும். அந்த வினிதா பொண்ணு உங்களுக்காக ரெண்டு நாளு சாப்புடலீங்க."

அவர் போனை வாயருகே கொண்டுபோனார்.

தேவமணி ஆய்வாளன். பொய்யையும் பழுதான கியரைப் போல மேசையில் இருக்கும்போதே பிடிக்க வேண்டும், வண்டியில் பூட்டி ரோட்டுக்கு விட்ட பிறகு பிடிக்க முடியாது என்பது அவனுக்குத் தெரியும். சும்மா இருந்தால் போதும், அவனும் தப்பிப்பான், ஆண்டவருக்கும் ஓர் அற்புதம் சேரும். ஆனால் அதன்பிறகு அந்தக் குழுவில் தன் கேள்வியை எந்த வாயால் கேட்பது?

"அண்ணே, பேசாதீங்க" என்று போனைப் பிடித்துவிட்டான். "கல்லே இல்லீங்க. நான் சும்மா போட்டுப் பாத்தேன். எந்த குரூப் நல்ல குரூப்னு."

மைக்கேல்ராஜ் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எனக்கா கல்லு?" என்றாள் அனிட்டா. "ஏழு குரூப்ல எம் பித்தப்பையப் போட்டீங்களா? ஏன், உங்களுக்கு ஒரு பித்தப்பை இல்லையா?"

பிறகு மைக்கேல்ராஜ் தூக்குவாளியைத் திறந்து பார்த்தார். "அப்போ இத யாரு குடிக்கறது?"

"இவருதான்" என்றாள் அனிட்டா.

இரண்டு டம்ளர் உள்ளே போனதும் தேவமணி போனை எடுத்து, நடந்ததை அப்படியே குழுவில் எழுதினான். ஒருவர் சொல்லாமல் வெளியேறினார். வினிதா எழுதினாள்: "ரெண்டு நாள் பட்டினி கிடந்தேன் பிரதர். அன்னைக்குன்னு பாத்து பக்கத்து வீட்ல பிரியாணி வேற. நீங்க நல்லா இருப்பீங்க." அது ஆசீர்வாதமா சாபமா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. கிங்ஸ்டன் மட்டும், "அக்காவுக்கு ஒண்ணும் இல்லல்ல? அது போதும்" என்று எழுதினார்.

தேவமணி அதை இரண்டு தரம் படித்தான். போனைக் கீழே வைத்துவிட்டு எதிரில் இருந்தவரிடமே கேட்டான்.

"எனக்கு எட்டு மாசமா ஜெபம் வரலீங்க அண்ணே. அதக் கேக்கத்தான் இவ்வளவும்."

அனிட்டா கையிலிருந்த டம்ளரை வைத்துவிட்டு அவனைப் பார்த்தாள்.

"எட்டு மாசந்தானா?" என்றார் மைக்கேல்ராஜ். "எனக்கு எங்க பெரிய பையன் தவறிப் போனதுல இருந்தே வர்றதில்ல. ரெண்டு வருசம். ஊரு பேரு, தெரு பேரு சொல்றதோட நின்னு போயிருது. அப்புறம் என்ன பண்றது, பஸ் ஏறிருவேன்."

அவர் அதைச் சொன்ன விதத்தில் பெருமையும் இல்லை, வருத்தமும் இல்லை. அனிட்டா எழுந்து போய் சோற்றுக்கு உலை வைத்தாள்.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது குழுவில் செய்தி வந்தது. வேப்பனப்பள்ளியில் மாங்காய் பறிக்க ஏறிய ஒருவர் விழுந்து காலை முறித்துக்கொண்டாராம்.

"நெசமாவே வுழுந்தாரான்னு மொதல்ல கேளுங்க" என்றாள் அனிட்டா.

"அதக் கேட்டா குரூப்பு நடக்காதும்மா" என்றார் மைக்கேல்ராஜ். பிறகு தேவமணியிடம், "அங்க பஸ்ஸு கம்மி. உங்ககிட்ட வண்டி இருக்குதுங்களா?" என்று கேட்டார்.

தேவமணி கையைக் கழுவிவிட்டு சாவியைத் தேடினான். அனிட்டா தூக்குவாளியை விளக்கி, ரசத்தை ஊற்றி, மூடியை அழுத்தி அவனிடம் நீட்டினாள்.