ஸ்டாண்டில் கூட்டமாயிடும்

அப்பாவின் கையிலிருந்து ரிமோட்டை எடுக்க முதலில் முயன்றவர் மாமா. அம்மாவின் தம்பியான அவர், எதையும் இழுத்தால் வந்துவிடும் என்று நம்புகிறவர். அவர் இழுத்த இழுப்பில் ரிமோட் வரவில்லை. எதிரே டிவியில் ஒலியின் அளவுதான் விறுவிறுவென்று நூறுவரை ஏறி நின்றது. நல்லவேளை, படம் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது.

“மெதுவா மாமா. பட்டன் அமுங்கி படம் ஓட ஆரம்பிச்சிடப் போகுது” என்றாள் மகள்.

“போனவர் கையில என்னம்மா இப்படி ஒரு பிடி!”

அடுத்து, கீழ்வீட்டுப் பல் டாக்டர் வந்தார். மூச்சு நின்றுவிட்டது என்று சொல்வதற்காக அழைத்து வரப்பட்டவர் அவர். பிடுங்குவது அவர் தொழில்தானே என்று எல்லோரும் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். அவரும் இரண்டு விதமாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, “கொஞ்ச நேரம் போகட்டும்” என்று தன் நோயாளிகளிடம் சொல்கிற குரலிலேயே சொன்னார்.

கடைசியில் அம்மா குனிந்து அப்பாவின் காதருகே, “முடிஞ்சிருச்சுங்க. குடுங்க” என்றாள். விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினாள். ரிமோட் வந்துவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து அம்மா கேட்டு அவர் உடனே கொடுத்த முதல் பொருள் அதுவாகத்தான் இருக்கும். அம்மா அதை இடுப்பில் செருகிக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

டிவியில் தாடி வைத்த ஓர் இளைஞன் லிஃப்டுக்குள் சிக்கி, கூரைத் திறப்பு வழியாக அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். அவன் தலைக்கு மேலே கேபிளின் கடைசிப் புரி அறுந்துகொண்டிருந்தது. வாய் பிளந்திருந்தது. துக்கம் விசாரிக்க உள்ளே நுழைந்தவர்கள் முதலில் அவனைப் பார்த்துத் திடுக்கிட்டார்கள். அப்பாவைப் பார்த்தது அதற்கப்புறம்தான். டிவியை அணைத்துவிடலாம் என்று மாமா சொன்னதற்கு, “அவர் நிறுத்தினது. அப்படியே இருக்கட்டும்” என்றாள் அம்மா. சாதாரணமாகக் கொஞ்ச நேரத்தில் திரை தானாகவே இருண்டுவிடும். ஆனால் தான் பேசி முடிப்பதற்குள் இருண்டுவிடுகிறது என்று புகார் சொல்லி, மகளை விட்டே அந்த ஏற்பாட்டை அப்பா எடுத்துவிட வைத்திருந்தார்.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். விவரம் தெரிந்த நாளிலிருந்து சினிமாப் பைத்தியம். ஆனால் மகள் அறிய ஒரு படத்தின் முடிவைக்கூட அவர் பார்த்ததில்லை. வாலிபத்தில் ஒருமுறை படம் விட்ட நெரிசலில் அவர் சைக்கிளின் ஆரக்கம்பிக்குள் யாருடைய பெடலோ மாட்டி, சண்டையாகி, சட்டை கிழிந்து வீட்டுக்கு வந்தாராம். அன்றிலிருந்து படம் முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது எழுந்துவிடுவார். “கிளம்பு, ஸ்டாண்டில் கூட்டமாயிடும்.” மகள் முன்கம்பியிலும் அம்மா பின்னாலும் உட்கார்ந்து வர, மிச்சப் படத்தை அவரே சொல்லிக்கொண்டு மிதிப்பார். அவர் சொன்ன முடிவுகளில் போலீஸ் நேரத்துக்கு வந்தது. சுடப்பட்டவர்களுக்கெல்லாம் தோளில்தான் அடி. கதாநாயகியின் அப்பா ஒருநாளும் சாகமாட்டார், மயக்கம், அவ்வளவுதான்.

பள்ளிக்கூடத்தில் ஒருமுறை அதை நம்பி அவள் கதை சொல்லப்போய், வகுப்பே சிரித்தது. அந்த அப்பாவைப் பாடையில் தூக்கிப் போனதை எல்லோரும் பார்த்திருந்தார்கள். அழுதுகொண்டு வந்து சண்டை போட்டவளிடம் அப்பா துளியும் அசராமல், “அவங்க பாத்த படம் வேற” என்றார்.

சம்பாதிக்க ஆரம்பித்ததும் அவள் செய்த முதல் வேலை, தனியாகப் போய்க் கடைசிப் பெயர் ஓடும்வரை படம் பார்த்தது. அந்த வீம்பு வருடக்கணக்கில் நீடித்தது. பார்த்த முடிவுகளில் பாதிக்கு மேல் அப்பா சொன்னதைவிட மட்டம். இதை மட்டும் அவள் அவரிடம் சொல்லவேயில்லை. சொன்னால் தலைகால் புரியாமல் ஆடுவார் என்ற பயம்தான்.

சைக்கிள் போய் ஸ்கூட்டர் வந்து, ஸ்கூட்டரும் போய் வீட்டிலேயே படம் வந்தது. பழக்கம் போகவில்லை. பத்து நிமிடம் இருக்கும்போது நிறுத்துவார், வீட்டிலிருப்பவர்களைக் கூப்பிடுவார், முடிவைச் சொல்வார், அணைத்துவிடுவார்.

“வீட்டுல இருக்கறதே மூணு பேரு. எந்த ஸ்டாண்டுல கூட்டம்?” என்று கேட்டிருக்கிறாள்.

“அது இல்லம்மா. இப்ப வர்ற படத்தோட லட்சணத்துக்கு, முடிவையாவது நாம நல்லதா வெச்சுக்கலாம்.”

புதிய படங்களைப் பற்றி அவருக்கு அபிப்பிராயங்களுக்குப் பஞ்சமே இல்லை. முதலில் வெளிச்சம். “எல்லாப் படமும் இருட்டு. கதாநாயகன் முகத்தைப் பாக்கவே டார்ச் அடிக்கணும்.” அப்புறம் தாடி. அப்புறம், அவன் எங்கே வேலைக்குப் போகிறான் என்றே யாரும் சொல்வதில்லை. “காலையில எழுந்து வெட்டறான், சாயங்காலம் வரைக்கும் வெட்டறான். லீவு லெட்டர் குடுத்தானா இல்லையா?” தொடர்கள் என்றால் கேட்கவே வேண்டாம். எட்டுப் பகுதிக்கு இழுத்துக் கொலைகாரனைக் காட்டுவார்கள்; அப்பா முதல் பகுதியிலேயே, “அந்த சமையல்காரன் முழியே சரியில்ல” என்று தீர்ப்பு எழுதிவிடுவார். முடிவில்லாமல் நிறுத்தி இரண்டாம் பாகத்தில் சொல்கிறேன் என்கிற படங்களின் மீது மட்டும் அவருக்குக் கோபமில்லை. தன் கட்சிக்கு ஆள் சேர்வதாக நினைத்துக்கொண்டார்.

படத்தில் லிஃப்ட் வந்தால் போச்சு. பட்டனை அழுத்தியதும் கதவு திறந்தால், “எங்க இருக்கு இப்படி ஒரு லிஃப்ட்?” என்பார்.

அவர் போன அன்று மதியம் அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். காப்பீட்டு நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் மகள், பக்கத்து அறையில் காதில் ஹெட்போனோடு ஒரு வாடிக்கையாளரின் கார் எப்படிச் சுவரில் மோதியது என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அப்பா கூடத்திலிருந்து கூப்பிட்டார்.

“இங்க வாம்மா. முடிவு சொல்றேன்.”

“ஒரு நிமிஷம்ப்பா.”

“சீக்கிரம் வா. இது நம்ம சப்ஜெக்ட்டு.”

சுவர்தான் காரின்மீது மோதியது என்று நிரூபிக்க அந்த வாடிக்கையாளர் வெகுநேரம் எடுத்துக்கொண்டார். அவள் வந்து பார்த்தபோது அப்பா நாற்காலியில் சாய்ந்திருந்தார், ரிமோட்டைத் திரைக்கு நேராக நீட்டியபடி.

அதிலிருந்து அவளுக்கு அழுகை வரவில்லை. தன்மேலே எரிச்சல்தான் வந்தது. வாழ்நாள் முழுக்க வேண்டாம் என்றாலும் பிடித்து உட்காரவைத்து முடிவு சொன்ன மனிதர், கூப்பிட்டுச் சொல்ல நினைத்த கடைசி முடிவு என்னவென்று இனி யாரிடம் போய்க் கேட்பது? இதை வாய்விட்டுச் சொன்னால் கிறுக்கு என்பார்கள். வருகிறவர்களுக்கு நாற்காலி போட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை பெரியப்பா மகன் வந்தான். எந்தப் படத்தையும் வெளியான அன்றே பார்த்துவிடுவதால் குடும்பத்தில் அவனுக்கு ‘முதல் காட்சி’ என்று பெயர். முடிவைச் சொல்லியே தீருவேன் என்று அவனும், காதைப் பொத்திக்கொண்டு அப்பாவும் எத்தனையோ கல்யாண வீடுகளில் பந்திக்கு நடுவே ஓடியிருக்கிறார்கள். வந்தவன் அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு உண்மையாகவே குலுங்கிக் குலுங்கி அழுதான். கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது டிவி கண்ணில் பட்டது.

“ஐயோ, சித்தப்பா இதையா பாத்துட்டிருந்தாரு? இதுல கடைசியில அந்தப் பையன்...”

“வாயை மூடுடா!”

அம்மாவிடமிருந்து அப்படி ஒரு குரலை யாரும் கேட்டதில்லை. துக்கம் தலைக்கேறிவிட்டது என்று இரண்டு பெண்கள் தண்ணீர் கொண்டுவர ஓடினார்கள்.

“அவர் இருக்கற இடத்துல முடிவு சொல்லாத” என்றாள் அம்மா, தணிந்த குரலில்.

“சரி சித்தி” என்றான். சொல்லாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அவன் முகத்தில் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் வாசலுக்குப் போய் வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டு வந்து நிம்மதியாக உட்கார்ந்தான்.

குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் மாலையோடு வந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் கட்டடத்தின் லிஃப்டைப் பார்த்துக்கொண்டவர் அப்பாதான். லிஃப்ட் வந்து நின்றதும் அதன் தரையும் மாடியின் தரையும் சேருமிடத்தைக் கால் கட்டைவிரலால் தடவிப் பார்ப்பார். ஒரு நூல் அளவு ஏறி இறங்கியிருந்தாலும் அன்று சாயங்காலமே மேலே ஏறிச் சரிசெய்துவிடுவார்.

“பெரிய இழப்பும்மா” என்றார் செயலாளர். சற்றுப் பொறுத்து, “இனிமே லிஃப்டுக்கு யாரைக் கூப்பிடறதுன்னே தெரியல” என்றார். இழப்பின் அளவு அவருக்கு நன்றாகவே புரிந்திருந்தது.

வண்டி வந்ததும் அந்த லிஃப்டே காலை வாரியது. எவ்வளவு சாய்த்தாலும் ஸ்ட்ரெச்சர் உள்ளே போகவில்லை. கட்டடம் எழும்பும்போதே, “இன்னும் கொஞ்சம் ஆழமா வைங்க. நாளைக்கு என்னை நிக்க வெச்சா இறக்குவீங்க?” என்று அப்பா கூட்டத்தில் கேட்டாராம். அப்போது எல்லோரும் சிரித்தார்கள் என்று செயலாளரே தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். படிக்கட்டில்தான் தூக்கிப் போனார்கள். முன்னால் பிடித்த மாமா ஒவ்வொரு திருப்பத்திலும், “அத்தானுக்கு எடை போட்டிருக்கு” என்றார். பின்னால் பிடித்த முதல் காட்சி, “எல்லாம் உக்காந்து படம் பாத்த எடை மாமா” என்றான். அவன் மறுபடி அழுதுகொண்டிருந்தான்.

எல்லாம் முடிந்து, வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிப்போய், வீட்டில் அம்மாவும் மகளும் மிஞ்சினார்கள். வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. டிவியில் அந்த இளைஞன் வாயை மூடவில்லை. அம்மா இடுப்பிலிருந்து ரிமோட்டை எடுத்து மகளிடம் நீட்டினாள்.

“போடு. எவ்வளவு நேரம்தான் அந்தப் பிள்ளை அப்படியே நிக்கும்.”

“முடிவு வரைக்குமாம்மா?”

அம்மா திரைக்கு எதிரே உட்கார்ந்தாள். மகள் பட்டனை அழுத்தினாள்.

மாமாவின் கைங்கரியத்தை இருவரும் மறந்திருந்தார்கள். நூறில் நின்ற ஒலி வீட்டையே தூக்கிப்போட்டது. கேபிள் கிரீச்சிட்டது, இளைஞன் அலறினான், அம்மாவும் அலறினாள். கீழே பல் டாக்டர் வீட்டில் ஏதோ பாத்திரம் விழுந்தது. மகள் தடவித் தடவி மறுபடி நிறுத்துவதற்குள் அம்மா எழுந்து வாசலுக்கே போய்விட்டாள். செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.

“எங்கம்மா போற?”

அம்மா தன் காலைக் குனிந்து பார்த்தாள். ஒரு கால் செருப்புக்குள் போயிருந்தது. எங்கே போகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

மகள் டிவியைப் பார்த்தாள். இன்னும் பத்து நிமிடம் இருந்தது. உட்கார்ந்தால் பார்த்துவிடலாம். அணைத்துவிட்டு வந்து தன் செருப்பையும் மாட்டிக்கொண்டாள்.

“வா, கிளம்பலாம். ஸ்டாண்டில் கூட்டமாயிடும்.”

லிஃப்ட் கதவு மூடியதும் அம்மா சுவரில் சாய்ந்துகொண்டாள்.

“சொல்லு. அந்தப் பையன் விழுந்துட்டானா?”

“விழல.”

“அதான் அறுந்துபோச்சே.”

“ஒரு கேபிள் அறுந்தா என்ன, இன்னும் நாலு இருக்கும். அதுவும் போனா, அடியில பிடிப்பு இருக்கும்மா. வேகமா இறங்கினா அதுவே ரெண்டு பக்கத் தண்டவாளத்தையும் கப்புனு பிடிச்சுக்கும். லிஃப்ட் விழவே விழாது.” சொல்லச் சொல்ல அவள் குரல் தேறிவந்தது. இதைத்தான் சொல்லக் கூப்பிட்டிருப்பார். நம்ம சப்ஜெக்ட்டு.

“அப்புறம்?”

“அப்புறம் மெக்கானிக் வருவாரு. வயசானவரு. சாவி போட்டுக் கதவைத் திறந்து, பயப்படாதப்பான்னு கையைக் குடுத்து ஏத்தி விடுவாரு.”

“தாடி வெச்சவனை எல்லாம் இவருக்குப் பிடிக்காதே.”

“ஏத்தி விட்டுட்டு, மொதல்ல ஷேவ் பண்ணுன்னு சொல்லுவாரு.”

அம்மா சிரித்தாள். சிரிப்பு பாதியில் வேறு மாதிரி ஆகி, முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். மகளுக்கும் அப்போதுதான் கண்ணில் நீர் வந்தது.

“அவரு? அவரு என்ன ஆனாரு?” என்று கேட்டாள் அம்மா.

“எல்லாரும் கைதட்டறதுக்குள்ள கிளம்பிட்டாரு.”

லிஃப்ட் கீழே வந்து நின்றது. கதவு திறந்தது. அம்மா வெளியே போகாமல், செருப்பைக் கழற்றிக் கட்டைவிரலால் விளிம்பைத் தடவிப் பார்த்தாள்.

“ஒரு நூல் இறங்கி நிக்குது” என்றாள். “செக்ரட்டரிகிட்டச் சொல்லி யாரையாவது வரச் சொல்லணும்.”

மூட வந்த கதவை மகள் கையால் பிடித்துக்கொண்டாள். அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு, அந்த ஒரு நூலைக் கவனமாகத் தாண்டி வெளியே கால் வைத்தாள்.